கிளாக் எப்போது தாளமாகிறது?

ரொம்ப நாளா எழுதணும்னு குறிப்பு எடுத்து வச்சிருந்த விஷயம் இது. மாடுலர் சிந்தசைசரில் ஒரே ஒரு கிளாக்கை வைத்துக்கொண்டு, தானாக மாறிக்கொண்டே போகும் டிரம் தாளங்களை எப்படி உருவாக்குகிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது 1930-களுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு சுற்று சுற்றி, கடைசியில் எங்க தாய்மாமாவிடம் வந்து நின்றது. அதனால் அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமா டோலக் வாசிப்பவர். சின்ன வயதில் மிருதங்கப் பாடம், பிறகு மதுரைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் டோலக், தபலா. திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மாதத்தில் பாதி நாள் கச்சேரி இருந்த காலம் உண்டு. 90-களின் கடைசியில் மேடைக்கு ரிதம் பேடு வந்தது. நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தர் நின்று குச்சியால் தட்டினால் போதும் என்றாகிவிட்டது. மாமாவுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். அதைப் பற்றி அவர் புலம்பியதில்லை. ஆனால் ‘மெஷினு’ என்று அவர் சொல்கிற தொனி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம், என் லேப்டாப்பில் ஒரு மெஷின் தானாகத் தாளம் போடுவதைக் காட்டலாமா வேண்டாமா என்று பல மாதம் தயங்கினேன். காட்டினேன். என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

முதலில், கிளாக் என்றால் என்ன

மாடுலர் சிந்தசைசர் என்பது ஒரே வாத்தியம் இல்லை. ஒலி எழுப்ப ஒரு பெட்டி, ஒலியை வடிகட்ட ஒரு பெட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். எதை எதோடு இணைப்பது என்பது நம் கையில் உள்ள ஒயரைப் பொறுத்தது. எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்ளும் பொது மொழி மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ்.

இதில் கிளாக் என்கிற பெட்டி ஒலியே எழுப்பாது. சமமான இடைவெளியில் வோல்டேஜை ஏற்றி இறக்கும், அவ்வளவுதான். அந்தத் துடிப்பை ஒரு டிரம் பெட்டிக்குக் கொடுத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் டிரம் ஒருமுறை அடிக்கும். நேராக இணைத்துக் கேட்டுப் பாருங்க: மூடாத குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது போலத்தான் இருக்கும். துல்லியமாக இருக்கும், ஆனால் அதைத் தாளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, மாற்றம் என்பது கிளாக்கில் இல்லை. கிளாக்குக்கும் டிரம்முக்கும் நடுவில் எதை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கிட்டத்தட்ட 90 வருஷமாக அந்த நடு இடத்தில் யார் யார் எதை வைத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

1932: பதினாறு சாவிகள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் 1930-ல் ‘நியூ மியூசிகல் ரிசோர்சஸ்’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு எளிமையான யோசனை. சுருதியும் தாளமும் அடிப்படையில் ஒன்றுதான், வேகம் மட்டும்தான் வேறு. நம் பாணியில் சொன்னால், ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள விகிதம் 2-க்கு 3. இரண்டும் சேர்ந்து ஒலிப்பதை மிக மிக மெதுவாக்கினால் என்ன கேட்கும்? ஒரு கை இரண்டு அடி அடிக்கும் நேரத்தில் இன்னொரு கை மூன்று அடி அடிப்பது கேட்கும். ஸ-வும் அந்தர காந்தாரமும் 4-க்கு 5. மெதுவாக்கினால் நாலுக்கு அஞ்சு.

இதை மனிதக் கைகளால் 13-க்கு 11 என்றெல்லாம் வாசிப்பது கஷ்டம். கவல் அப்போது நியூயார்க்கில் இருந்த ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லியோன் தெர்மினிடம் போனார். கையால் தொடாமலே வாசிக்கும் ‘தெர்மின்’ வாத்தியத்தைச் செய்த அதே ஆள். அவர் 1931-ல் ‘ரிதமிகான்’ என்ற கருவியைக் கட்டிக் கொடுத்தார். துளையிட்ட தகடுகள் சுழலும், துளை வழியே வரும் வெளிச்சம் ஒளிமின்கலத்தில் படும்போது ஒலி பிறக்கும். முதல் சாவியை அழுத்தினால் ஒரு சுற்றுக்கு ஒரு அடி, ஐந்தாம் சாவிக்கு ஐந்து அடி, இப்படிப் பதினாறு வரை. நம் ஐந்து நடைகளான 3, 4, 5, 7, 9 எல்லாமே அந்தச் சாவிகளுக்குள் அடக்கம். 1932 ஜனவரியில் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் இதை மக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள்.

கவலுக்குப் பிற்பாடு நம் ஊரோடும் உறவு ஏற்பட்டது. அவருடைய 13-ஆவது சிம்பொனியின் பெயரே ‘மெட்ராஸ்’. 1959-ல் சென்னையிலேயே முதன்முதலாக வாசிக்கப்பட்டது. ஆனால் ரிதமிகானுக்காக அவர் எழுதிய கச்சேரிப் படைப்பு அவர் இருக்கும்வரை மேடையேறவில்லை. அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1971-ல்தான், ஸ்டான்ஃபோர்டில் கணினி உதவியோடு அது ஒலித்தது.

ரிதமிகானில் ஒரு வரம்பு இருந்தது. எந்தச் சாவியை அழுத்தினாலும் எல்லா அடிகளும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கூடிவிடும். சுற்றின் நீளம் ஒன்று, அதற்குள் எத்தனை கூறு என்பது மட்டும்தான் வேறு. அதாவது நடை மாறும், ஆவர்த்தனம் மாறாது. எனவே தானாக எதுவும் வளராது. சாவியை அழுத்துகிற ஆள் மாற்றினால்தான் உண்டு.

கூடவே வாசிக்கும் பெட்டி

1959-ல் வுர்லிட்சர் கம்பெனி ‘சைட்மேன்’ என்று ஒரு பெட்டியை விற்க ஆரம்பித்தது. வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக டிரம் போடும் பெட்டி. உள்ளே ஒரு மோட்டார் கையைச் சுழற்றும், அது மின்தொடர்புப் புள்ளிகளைத் தொடும்போதெல்லாம் வெற்றிடக் குழாய்கள் டிரம் ஒலியை எழுப்பும். வால்ட்ஸ், டேங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று 12 தாளங்கள். வேகம் கூட்ட வேண்டுமானால் மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வேண்டியதுதான். இங்கே கிளாக் என்பது சுற்றுகிற கை.

டோக்கியோவில் ஒரு இரவு விடுதியில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த தடாஷி ஒசனாய், தனக்குத் துணையாக இந்த சைட்மேனைத்தான் வைத்திருந்தார். அவர் பொறியியல் படித்தவர். இதைவிட நல்லதாக நானே செய்வேன் என்று விடுதி உரிமையாளர் ட்சுடோமு காட்டோவிடம் சொன்னார். காட்டோ பணம் போட்டார். 1963-ல் ‘டோன்கா-மேட்டிக்’ வந்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய கோர்க்.

அந்த அக்கார்டியன்காரரை நினைத்துப் பாருங்க. பக்கத்தில் ஒரு டிரம்மர் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி. அந்தப் பெட்டி பிடிக்கவில்லை என்று அவர் டிரம்மரைத் தேடவில்லை, நல்ல பெட்டியைத் தேடினார். இதைப் படித்தபோது எனக்கு மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

நீளம் மாறினால் போதும்

இதே காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கதை. அங்கே ‘டேப் மியூசிக் சென்டர்’ என்று ஒரு சின்ன இடம். மார்ட்டன் சுபோட்னிக்கும் ரமோன் செண்டரும் நடத்தினார்கள். காந்த நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இசையமைத்து அலுத்துப்போய், அதற்கு மாற்றாக ஒரு கருவி வேண்டும் என்று டான் புக்லாவிடம் கேட்டார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் 500 டாலர் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் புக்லா 100 மாடுலர்.

புக்லா செய்த முக்கியமான காரியம், துடிப்பு என்பதைத் தனி இனமாகப் பிரித்தது. ஒலி ஒன்று, கட்டுப்படுத்தும் வோல்டேஜ் ஒன்று, எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு ஒன்று. துடிப்பை உண்டாக்க ஒரு பெட்டி. அந்தத் துடிப்பு வர வர ஒவ்வொரு படியாக நகர்ந்து, படிக்கு ஒரு வோல்டேஜ் தரும் சீக்வென்சர் என்று இன்னொரு பெட்டி.

இதில் ஒரு சின்ன தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஒரே கிளாக்கில் இரண்டு சீக்வென்சர்களை ஓட்டுங்க. ஒன்று 8 படி, மற்றது 5 படி. ரிதமிகானில் சுற்று ஒன்று, கூறு வேறு. இங்கே கூறு ஒன்று, சுற்று வேறு. எட்டும் ஐந்தும் 40 படி கழித்துத்தான் மறுபடி கூடும். பள்ளிக்கூடத்தில் படித்த மீச்சிறு பொது மடங்குதான், வேறெதுவும் இல்லை.

நான் லேப்டாப்பில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். கிக் டிரம் 16 படிக்கு ஒரு சுற்று, ஹைஹாட் 7 படிக்கு ஒரு சுற்று, ஸ்நேர் 5 படிக்கு ஒரு சுற்று. மூன்றும் கூட 560 படி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நாலு படி என்று ஓட்டினால் நொடிக்கு 8 படி. ஆக 70 நொடிக்கு ஒருமுறை கூடும். கூடவே 9 படியில் இன்னொரு டிரம்மைச் சேர்த்தால் பத்தரை நிமிஷம். 11 படியில் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 1 மணி 55 நிமிஷம். ஐந்து சின்னச் சுற்றுகள், ஒரு சினிமா ஓடி முடிகிற நேரம் வரைக்கும் திரும்பி வராத தாளம். புதிதாக எதையும் சேர்க்காமல், வெறும் நீள வேறுபாட்டிலேயே இவ்வளவு மாற்றம் கிடைக்கிறது.

சுபோட்னிக் இந்தக் கருவியில் செய்த ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ 1967-ல் நோன்சச் இசைத்தட்டாக வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தைக் கேட்டால், மாறிக்கொண்டே ஓடும் மின் தாளத்துக்கு இன்றைய டெக்னோ கேட்கிறவர்களே எழுந்து ஆடலாம்.

கட்டிய பெட்டி, கைவிட்ட பெட்டி

அதே டேப் மியூசிக் சென்டரில் 1964 நவம்பரில் டெர்ரி ரைலியின் ‘இன் சி’ முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வாசிப்பவர்கள் ஒத்துப்போக முடியாமல் ஒத்திகையில் திணறியபோது, ஒருவர் விடாமல் ஒரே சுரத்தைத் துடிப்பாக வாசித்துக்கொண்டிருக்கட்டும் என்று குழுவில் இருந்த ஓர் இளைஞர் யோசனை சொன்னார். மனிதனே கிளாக் ஆனான் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த இளைஞர் ஸ்டீவ் ரைஷ்.

அடுத்த வருஷம் ரைஷ் ஒரே பேச்சைப் பதிந்த இரண்டு நாடாக்களை ஒன்றாக ஓடவிட்டார். இரண்டு இயந்திரங்களின் வேகமும் துளி வேறு. அதனால் ஒன்று மெல்ல மெல்ல முந்தியது, பேச்சே தாளமாகிவிட்டது. ‘இட்ஸ் கோனா ரெயின்’ அப்படிப் பிறந்தது. மாடுலரில் இதைச் செய்ய, ஒன்றோடொன்று இணைக்காத இரண்டு கிளாக் போதும். ஒன்று நிமிடத்துக்கு 120, மற்றது 119. ஒரு நிமிஷத்தில் சரியாக ஓர் அடி விலகி மறுபடி சேரும்.

இந்த விலகலை எண்ணியபடி கட்டுப்படுத்த வேண்டும் என்று ரைஷுக்கு ஆசை. பெல் ஆய்வகப் பொறியாளர் உதவியோடு 1968-69-ல் ‘ஃபேஸ் ஷிஃப்டிங் பல்ஸ் கேட்’ என்ற கருவியைக் கட்டினார். பல துடிப்புகள் ஒன்றாகத் தொடங்கும், பிறகு ஒவ்வொன்றையும் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். ஒரே நேரத்தில் விழும் அடிகள் மெல்லப் பிரிந்து ஒரு தாளமாக விரியும். 1969 மே மாதம் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இதை வைத்துக் கச்சேரியும் செய்தார்.

அதோடு சரி. பெட்டியை மூட்டை கட்டிவிட்டார். இயந்திரத்தின் பிசகாத துல்லியம் விறைப்பாக இருக்கிறது, அதில் இசை இல்லை என்பதுதான் அவர் பிறகு எழுதிய காரணம். ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்துக் கட்டியதைச் சில கச்சேரிகளோடு விட்டுவிட ஒரு தைரியம் வேண்டும்.

1970 கோடையில் ரைஷ் கானாவுக்குப் போய், ஏவே மக்களின் முரசு வாசிப்பைக் கற்றார். மலேரியா வந்து சில வாரங்களிலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டது. வந்து எழுதியதுதான் ‘டிரம்மிங்’, 1971 டிசம்பரில் மேடையேறியது. ஒரே ஓர் அடியில் தொடங்கும். மௌனமான இடங்களில் ஒவ்வொன்றாக அடிகள் முளைக்கும். முழுத் தாளமும் கட்டப்பட்டதும் ஒருவர் மெல்ல வேகம் கூட்டி, அடுத்தவரை விட்டு ஓர் அடி விலகி நிற்பார். பெட்டி செய்த அதே வேலை. ஆனால் செய்வது மனிதக் கை, கேட்டுக் கேட்டுச் செய்கிறது.

24-ல் 5 போகாது

இனி கொஞ்சம் கணக்கு. 1980-ல் ரோலண்ட் டிஆர்-808 வந்தது. 16 பொத்தான், 16 படி. எந்தப் படியில் எந்த டிரம் என்று நாமே போட்டுக்கொள்ளலாம். வேறு இயந்திரங்களோடு ஒத்து ஓட, ரோலண்ட் ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பியது. 1983-ல் மிடி வந்தபோதும் அதே 24.

ஏன் 24? 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுபடும். நாலும் எட்டும் மூன்றும் வேண்டியவர்களுக்கு அற்புதமான எண். ஆனால் 5-ஆல் வகுபடாது, 7-ஆலும் வகுபடாது. அதாவது ஓர் அடியை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையும், ஏழாகப் பிரிக்கும் மிஸ்ர நடையும் அந்தத் துடிப்புகளின் மேல் உட்காராது. யாரும் நம்மை வெளியே நிறுத்த வேண்டும் என்று திட்டமிட்டிருக்க மாட்டார்கள். தங்களுக்கு வேண்டிய எண்ணை எடுத்தார்கள், அதில் மற்றவர்களின் எண் விழவில்லை. இயந்திரம் எந்தப் பக்கமும் சாயாதது என்று நாம் நினைக்கும்போது இப்படிச் சின்னத் தீர்மானங்கள் உள்ளே இருக்கின்றன.

மாடுலரில் இந்தச் சிக்கல் இல்லை. கிளாக்கை வேகமாக ஓடவிட்டு, டிவைடர் பெட்டியால் எந்த எண்ணாலும் வகுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது துடிப்புக்கு ஒருமுறை, ஏழாவதுக்கு ஒருமுறை. 1995 வாக்கில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 என்ற மலிவான சின்ன மாடுலர் வரிசையைக் கொண்டுவந்த பிறகு, யூரோராக் என்ற பெயரில் நிறைய சிறு கம்பெனிகள் இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்தன. இன்று விசிவி ராக் என்ற மென்பொருளில் இவற்றை இலவசமாகவே ஓட்டிப் பார்க்கலாம். நானும் அதில்தான் பார்க்கிறேன். நிஜப் பெட்டி வாங்கும் வசதி இல்லை.

யூக்ளிடும் சாப்பு தாளமும்

யூரோராக் காலத்தில் பரவலான ஒரு யோசனை இசையிலிருந்தே வரவில்லை. அணு ஆய்வுக்கான நியூட்ரான் இயந்திரத்தில், இத்தனை நேரக்கட்டங்களுக்குள் இத்தனை துடிப்புகளை எவ்வளவு சமமாகப் பரப்பலாம் என்று பியார்க்லுண்ட் என்ற பொறியாளர் 2003-ல் ஒரு வழிமுறை எழுதினார். மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் காட்ஃபிரைட் டூசான் அதைப் பார்த்தார். இது மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் சொன்ன பழைய வழியேதான், இதிலிருந்து உலகின் பல மரபுத் தாளங்கள் கிடைக்கின்றன என்று 2005-ல் காட்டினார்.

செய்து பார்ப்பது சுலபம். 8 இடம், 3 அடி. மீதி 5 மௌனம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மௌனம் கொடுங்க, இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை முதல் இரண்டு அடிகளுக்குக் கொடுங்க. 3, 3, 2. இது கியூபாவின் டிரெசில்லோ. 8-ல் 5 அடி போட்டால் சிங்கில்லோ. மாடுலரில் ‘எத்தனை அடி’ என்ற திருகை மெதுவாக நகரும் ஒரு வோல்டேஜோடு இணைத்துவிட்டால், தாளம் தானே அடர்ந்து, தானே கலையும்.

நம் தாளங்களை இதில் போட்டுப் பார்த்தேன். 7 இடத்தில் 3 அடி போட்டால் 3, 2, 2, சுத்தமான மிஸ்ர சாப்பு. 5-ல் 2 போட்டால் 2, 3 என்று சுழற்றிக்கொள்ளலாம், கண்ட சாப்பு. ஆதி தாளம் மட்டும் மாட்டவில்லை. அதில் தட்டு விழுவது 1, 5, 7-ஆம் எண்ணிக்கைகளில், இடைவெளி 4, 2, 2. யூக்ளிட் தருவதோ 3, 3, 2. ஆதி தாளம் அடிகளைச் சமமாகப் பரப்ப முயலவே இல்லை. முதல் பாதியில் ஒரு நீண்ட லகு, அடுத்த பாதியில் இரண்டு திருதம். ஆவர்த்தனம் முடியப்போகிறது என்று கைக்குத் தெரிகிற மாதிரி கடைசியில் தட்டுகள் நெருங்கி வருகின்றன. இதை நான் குறிப்பில் எழுதி வைத்தபோது, இதுதான் எனக்குப் பின்னால் உதவப்போகிறது என்று தெரியாது.

மறதியும் வரைபடமும்

இன்னும் இரண்டு பெட்டிகளைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் 2012-ல் வந்தவை.

ஒன்று, லண்டனில் டாம் விட்வெல் செய்த ‘டூரிங் மெஷின்’. 16 இடம் உள்ள ஒரு வரிசை. ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாம் ஓரிடம் நகரும், கடைசியில் விழுவது மறுபடி முதலில் ஏறும். நடுவில் ஒரு பெரிய திருகு. ஒரு கோடிக்குத் திருப்பினால் வரிசை அப்படியே சுற்றும், எதுவும் மாறாது. நடுவில் வைத்தால் ஒவ்வொன்றும் காசு சுண்டிப் போட்ட மாதிரி. கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் அழகு. பெரும்பாலும் ஞாபகம் இருக்கும், எப்போதாவது ஓர் அடியை மறந்து வேறு ஒன்றை வைக்கும்.

மற்றது, பாரிஸில் எமிலி ஜில்லே செய்த ‘கிரிட்ஸ்’. ஏற்கெனவே உள்ள பல டிரம் தாளங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை பக்கத்தில் வரும்படி ஒரு வரைபடமாக அடுக்கி வைத்திருக்கிறது. இரண்டு திருகால் அந்த நிலத்தில் நடக்கலாம். நடந்த வழியெல்லாம் தாளம் உருமாறும். மனிதர்கள் அடித்த தாளங்களின் சாயல் அதற்குள் இருக்கிறது.

மாமா கேட்டது

இவ்வளவும் படித்த பிறகுதான் மாமாவிடம் லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் வெறும் 16 படி தாளம். அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை. “ஓடுது மாப்ள. வாசிக்கல” என்றார். அடுத்து டூரிங் மெஷின். “இவன் மறந்து மறந்து வாசிக்கிறான், ஆனா மறந்தது அவனுக்கே தெரியல” என்று சிரித்தார்.

பிறகு அந்த 16, 7, 5. இதற்கு அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஹைஹாட் விலகுவதைக் கவனித்து, “ஏழா?” என்றார். ஸ்நேரை இன்னும் சீக்கிரம் பிடித்துவிட்டார். நான் சொல்வதற்கு முன்னாலேயே மூன்று எண்ணும் அவரிடம் இருந்தது. 70 நொடியில் மூன்றும் கூடியபோது அவர் கை நின்றுவிட்டது.

“இப்பக் கூடுச்சில்ல?”

“ஆமா மாமா. அறுநூறுக்கு நாப்பது கொறச்சு. அங்க கூடும்.”

“கூடறது சரி. கூடப் போறோம்னு முன்னாடியே சொல்லணுமாடா இல்லையா? திடீர்னு வந்து நின்னா, கேக்குறவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் படித்ததில் எங்கேயும் எனக்கு இப்படித் தெளிவாகக் கிடைக்கவில்லை. 560 படிக்குப் பிறகு கூடும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கணக்குப் போட்டேன். பெட்டிக்குத் தெரியாது. அது எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. மிருதங்கக்காரர் சமத்துக்கு வரும் முன் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துத் தீர்மானம் வைக்கிறார். முதல் முறையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இன்னும் இரண்டு, அப்புறம் வந்து சேர்வோம் என்று. அந்த எதிர்பார்ப்புதான் எண்ணிக்கையைத் தாளமாக்குகிறது. ரைஷ் பெட்டியை மூடிவிட்டுக் கைகளிடம் திரும்பியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். ஆதி தாளம் கடைசியில் தட்டுகளை நெருக்கமாக வைப்பதும் இதே காரியம்தான்.

“அப்ப ஒரு தீர்மானம் வச்சிடலாமா மாமா?” என்றேன்.

“கடைசில எத்தனை எடம் விடலாம்?”

“அறுபத்து நாலு. எட்டு நொடி.”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “இருபது, ரெண்டு கார்வை, இருபது, ரெண்டு கார்வை, இருபது. சரியா அறுபத்து நாலு. முடிஞ்ச அடுத்தது சமம்.”

கிளாக்கை எண்ண ஒரு கவுண்டரை வைத்தேன். 497-ஆவது படியில் அது ஒரு கதவைத் திறக்கும், தீர்மானம் உள்ளே வரும். அந்த இருபது படிக்கான சொற்கட்டை மாமா வாயால் சொல்லச் சொல்ல நான் படிகளில் அடித்தேன். ஓடவிட்டோம். ஒரு நிமிஷம் மூன்று சுற்றுகளும் விலகி விலகி ஓடின. பிறகு தீர்மானம் வந்தது, ஒருமுறை, இருமுறை, மூன்றாவது முடிந்து சமத்தில் எல்லாம் விழுந்தது. “இப்பப் பரவால்ல” என்றார். மெஷினைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று அத்தை சொன்னாள்.

இதனால் அவர் இழந்த கச்சேரிகள் திரும்பி வந்துவிடப் போவதில்லை. அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாலு நாள் கழித்து ஃபோன் வந்தது. எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. “மாப்ள, அந்த இருபதைப் பதினெட்டாக்கு, கார்வையை அஞ்சாக்கு. அதுவும் அறுபத்து நாலுதான். ஒவ்வொரு தடவையும் ஒரே தீர்மானம் வச்சா யாருடா கேப்பான்?”

போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. உட்கார்ந்து மீதியையும் தேடினேன். 16-க்கு 8, 14-க்கு 11 என்று இன்னும் இரண்டு கிடைத்தன. இப்போது என் லேப்டாப்பில் 70 நொடிக்கு ஒருமுறை இந்த நாலில் ஒன்று வருகிறது. எது வரும் என்பதை மட்டும் பெட்டியிடம் விட்டிருக்கிறேன். புதிய இரண்டுக்கும் சொற்கட்டு இன்னும் வரவில்லை. மாமா யோசித்துக்கொண்டிருக்கிறார்.